பார்த்து எழுதுதல்

கல்லூரியில் அறிவியல் பாடம் எடுத்துச் சேரும் பிள்ளைகளின் கையில் முதல் வாரத்திலேயே ஒரு விதித்தாள் கொடுக்கப்படுகிறது. நூற்றுக்கு எழுபத்தைந்து விழுக்காடு வருகை வேண்டும். செய்முறைப் பதிவேட்டை உரிய நாளில் காட்டி ஆசிரியரின் ஒப்பம் பெற வேண்டும். ஒப்பமில்லாத பதிவேட்டோடு செய்முறைத் தேர்வுக்கு வரலாகாது. இவ்வாறு பத்துப் பன்னிரண்டு வரிகள். அடியில் பெற்றோர் கையெழுத்துக்கு ஓர் இடம். அத்தாமார்கள் கையெழுத்திட்டு அனுப்பிவிடுகிறார்கள். படித்துவிட்டு இடுகிறவர் எத்தனை பேரோ!

பின்னர் நம் இல்லங்களில் எழுவதெல்லாம் முறையீடுதான். "மதிப்பெண் வாங்கினால் போதாதா? தலையை எண்ணிக்கொண்டிருப்பதுதான் கல்லூரியின் வேலையா?" என்கிறார்கள். என் வழக்கு இதற்கு நேர்மாறானது. அந்த விதிகள் கடுமையானவை அல்ல. அவற்றுக்குப் போதிய கடுமை இல்லை என்பதே என் குற்றச்சாட்டு. அவை தலையை எண்ணுகின்றன, கண்ணை எண்ணுவதில்லை.

"பார்த்து எழுதுதல்" என்ற தொடருக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. பொருளைக் கண்ணால் கண்டு, கண்டதை எழுதுவது ஒன்று. அடுத்தவன் ஏட்டைப் பார்த்து அப்படியே இறக்கிவைப்பது மற்றொன்று. அறிவியல் முழுவதும் முதற்பொருளின்மேல் நிற்கிறது. நம் ஆய்வுக்கூடங்களோ இரண்டாம் பொருளின்மேல் நடக்கின்றன. வேதியியல் மாணவன் பியூரெட்டில் மூன்று முறை அளக்கிறான். மூன்றும் ஒன்றுபோல் வராவிட்டால், சென்ற ஆண்டு அண்ணன்மார் எழுதிவைத்த அளவைக் கேட்டு நிரப்பிக்கொள்கிறான். தாவரவியல் மாணவி நுண்ணோக்கியில் கண் வைக்காமலேயே வேரின் குறுக்குவெட்டை அழகாக வரைந்துவிடுகிறாள். ரெக்கார்டு நோட்டுகளைக் கூலிக்கு எழுதித் தருவோரும் இருக்கின்றனர்.

இதன் தீமை எங்கே போய் முடிகிறது என்பதற்குக் கொல்லிமலையையே சான்றாகக் கொள்வோம். நாமக்கல் மாவட்டத்திலுள்ள அம்மலைக்குக் காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும். மலைவாழ் மக்கள் தம் நிலத்தை நாடுகளாகப் பிரித்து வழங்குகிறார்கள்; அப்படிப்பட்ட 14 நாடுகளுள் ஆலத்தூர் நாடு ஒன்று. தாவரவியல் மாணவர்கள் அம்மலைக்குக் களப்பயணம் போவதுண்டு. போனவர்கள் செடியைச் சேகரித்து, அழுத்தி உலர்த்தி, தாளில் ஒட்டி, சேகரித்தவர் பெயர், இடம், நாள், வாழிடம் ஆகியவற்றைக் குறிப்புச்சீட்டில் எழுதித் தர வேண்டும். அண்மையில் என் கைக்கு வந்த ஒரு தாளில் இருந்தது எருக்கு. சீட்டில் கண்ட இடம்: ஆலத்தூர் நாடு, கொல்லிமலை. பறித்த இடமோ எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தின் பின்புறம்! அதனை எழுதிய பிள்ளை களப்பயணத்திற்கே போகவில்லை. போகாதவருக்கும் தாள் வேண்டுமே!

ஓர் எருக்குத் தாளில் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். திருச்சி தூய வளனார் கல்லூரியில் தந்தை கே. எம். மேத்யூ 1967இல் நிறுவிய ராபினாட் உலர்தாவரக் களஞ்சியத்தை எண்ணிப் பாருங்கள். அவரும் அவர் குழுவினரும் மலை மலையாக ஏறிச் சேகரித்த தாள்களிலிருந்துதான் தமிழகத்தின் நடுப்பகுதிக்குரிய தாவர நூல் உருவாகி, 1981 முதல் பகுதி பகுதியாக வெளிவந்தது. ஒரு செடி எங்கே வளர்ந்தது, எங்கிருந்து மறைந்தது என்பதற்கு இன்றும் நாளையும் அத்தகைய சீட்டுகளே சாட்சி. அந்தச் சீட்டில் பொய் எழுதப் பழகுகிறவன் பொய்ச்சாட்சி சொல்லப் பழகுகிறான். சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார் என்று தொடரை ஆராயாமல் ஒரு ஹதீஸை ஏற்காத மரபில் வந்த குடும்பங்களுக்கு இதை நான் விரித்துரைக்கத் தேவையில்லை.

கொல்லிமலைச் சாலையோரக் கடைகளில் முடவாட்டுக்கால் கிழங்கு விற்கிறார்கள். மூட்டுவலிக்கு நல்லதென்று சூப்பு வைத்துக் குடிக்கிறார்கள். ஆட்டுக்காலைப்போல் பழுப்பு மயிர் போர்த்த அப்பொருளைக் கையில் எடுத்த மாணவன் கேட்க வேண்டிய முதற்கேள்வி, இது கிழங்குதானா என்பது. இல்லை. பாறையையும் மரத்தையும் பற்றிப் படரும், பூவே பூக்காத ஒரு பெரணியின் தண்டு அது. அதற்கு இரண்டு வகை இலைகள். நீண்ட பச்சை இலை, முதுகில் வித்துப்பொதிகளைச் சுமக்கிறது. குட்டையான மற்றொன்று பழுப்பாகிக் காய்ந்து தண்டின்மேல் கவிந்து கிடந்து, விழும் இலைமக்கையும் ஈரத்தையும் பிடித்துவைத்துச் செடிக்கு ஊட்டுகிறது. நேரில் நின்று பார்த்தவனுக்கு அந்தப் பழுப்பிலைதான் வியப்பு. பார்க்காதவன் அதனைச் சருகென்று கிள்ளி எறிந்துவிட்டுப் பச்சையை மட்டும் தாளில் ஒட்டுவான். ஆசிரியரும் ஒப்பமிடுவார்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த ரஷீதுத்தீன் இப்னு அஸ்ஸூரி என்ற மருத்துவர், லெபனான் மலைகளுக்குச் செடி காணப் போகும்போது ஓர் ஓவியரை வண்ணங்களுடன் அழைத்துச் செல்வார். ஒரே செடியை முளையாக ஒருமுறை, முற்றியபின் ஒருமுறை, காய்ந்தபின் ஒருமுறை என நேரில் பார்த்தே வரையச் செய்தார். இச்செய்தியைப் பதிந்தவர் வரலாற்றாசிரியர் இப்னு அபீ உஸைபிஆ. 1248இல் மறைந்த மூலிகை அறிஞர் இப்னுல் பைத்தாருடன் திமிஷ்கைச் சுற்றிலும் செடிகளைப் பார்த்துத் திரிந்தவர் அவர். இப்பெயர்களை மேடைகளில் முழங்குகிறோம். நம் பிள்ளைகளின் பதிவேட்டைப் புரட்டிப் பார்ப்பதில்லை.

ஆசிரியர்களையும் விட்டுவிடலாகாது. தேர்வுக்கு முந்திய மாலையில் அறுபது பதிவேடுகளுக்கு ஒரே மூச்சில் ஒப்பமிடுவது எந்த விதியின்பாற்பட்டது? கண்ட அளவை அன்றே, ஆய்வுக்கூடத்திலேயே, மையால் எழுதி, அழிக்காமல், வெளியேறுமுன் ஒப்பம் பெற வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் பாதிக் களவு ஒழியும். களப்பயணத்தில் நாற்பது பேரும் ஒரே செடியைத் தனித்தனியே வேரோடு பிடுங்குவதையும் தடுக்க வேண்டும். ஒரு குழுவுக்கு ஒரு கிளை போதும். செடியின் பெயரையும் பயனையும் சொல்லித் தந்த மலைவாசிப் பெண்மணியையும் சீட்டில் குறிக்க வேண்டும். அது அவர் அறிவு, மாணவனுடையதன்று.

வருகை விலக்கு என்று ஒன்று இருக்கிறது. எழுபத்தைந்துக்குக் குறைந்தாலும் அறுபத்தைந்துக்குக் குறையாதவர் மருத்துவச் சான்றும் கட்டணமும் செலுத்தித் தேர்வெழுதலாம் என்பது பல பல்கலைக்கழகங்களின் நடைமுறை. மழைக்காலத்தில் மண் சரிந்து பேருந்து நின்றுபோக, ஆலத்தூர் நாட்டிலிருந்து இறங்க முடியாத மாணவியும், பொய்ச்சான்று வாங்கிய நகரத்து மாணவனும் அங்கே ஒரே வரிசையில் நின்று ஒரே கட்டணம் கட்டுகிறார்கள். இது நீதியா? அவளுக்குச் சனிக்கிழமையில் ஆய்வுக்கூடத்தைத் திறந்துவிடுங்கள். அவனிடம் பணத்தை வாங்காதீர்கள், அந்தப் பருவத்தை மீண்டும் படிக்கச் சொல்லுங்கள்.

அந்த நகரத்து மாணவர் பட்டியலில் நம் வீட்டுப் பிள்ளைகள் குறைவில்லை. வளைகுடாவிலிருந்து அத்தா விடுப்பில் வருகிறார். அந்த ஒரு மாதத்திற்குள் நிக்காஹ், விருந்து, ஊர்ப்பயணம் எல்லாம் முடிய வேண்டும். மகளைக் கல்லூரியிலிருந்து நிறுத்திக்கொள்கிறோம். ஒரு பருவத்திற்கு ஏறத்தாழ 90 வேலைநாள். வாரம் ஒரு செய்முறை. நான்கு வாரம் போனால் நான்கு செய்முறை போயிற்று. பாடத்தைத் தோழியிடம் கேட்டுப் படித்துக்கொள்ளலாம். நுண்ணோக்கியைத் தோழியின் கண்ணால் பார்க்க முடியுமா? திரும்பி வந்த மகள் வேறென்ன செய்வாள்? பக்கத்துப் பெண்ணின் ஏட்டைப் பார்த்து எழுதுகிறாள். அந்தப் பொய்யை எழுத வைத்தவர்கள் நாம்.

கல்லூரி நாட்காட்டி ஜூன் மாதத்திலேயே அச்சாகிக் கைக்கு வந்துவிடுகிறது. செய்முறை நாட்களும் தேர்வு நாட்களும் அதில் இருக்கின்றன. மண்டபத்திற்கு முன்பணம் கட்டுமுன் மகளிடம் அதனைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.