மூன்று ஷிஃப்டும் மூவேளை செபமும்

இரவு பத்து மணிக்கு ஒரகடம் கூட்டுச்சாலையில் ஊர் அடங்குவதில்லை. ஒரு ஷிஃப்ட் முடிந்தவர்களை இறக்கிவிடவும், அடுத்த ஷிஃப்டுக்குப் போகிறவர்களை ஏற்றிச் செல்லவும் கம்பெனிப் பேருந்துகள் வரிசையாக வந்து நிற்கின்றன. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான், 2012-இல் டெய்ம்லர் என்று ஆலைகள் வர வர, ஏரியும் வயலுமாக இருந்த இந்தப் பகுதிக்குப் புதிய நேரக் கணக்கு ஒன்று வந்துவிட்டது. இங்கே பொழுதைப் பிரிப்பது சூரியன் அல்ல, ஷிஃப்ட்.

இந்த நேரக் கணக்குக்குள் வாழும் நம் இளைஞர்களும் இளம்பெண்களும் கேட்கும் நியாயமான கேள்வி ஒன்று உண்டு. "ஞாயிறு திருப்பலிக்கே சில வாரம் வர முடியவில்லை. வீட்டில் செபமாலை சொல்லும் நேரத்தில் நாங்கள் லைனில் நிற்கிறோம். நாங்கள் எப்போது செபிப்பது, ஃபாதர்?" இதற்குப் பதில் தேடும்போது, நம் பாட்டிமார் 'திரிகால செபம்' என்று சொல்லி வந்த மூவேளை செபம் நினைவுக்கு வருகிறது.

உழைப்பவர்களின் செபம்

காலை, நண்பகல், மாலை என மூன்று வேளை ஆலய மணி ஒலிக்க, கையில் இருக்கும் வேலையை நிறுத்திச் சொல்லும் செபம் இது. ஒரே நாளில், ஒரே ஆணையில் பிறந்தது அல்ல, பல நூற்றாண்டுகளில் வளர்ந்தது. 1456-இல் திருத்தந்தை மூன்றாம் கலிஸ்துஸ் நண்பகல் மணியை ஒலிக்கச் சொன்னார். 1974-இல் திருத்தந்தை ஆறாம் பவுல், மரியன்னை பக்தி பற்றிய தம் திருத்தூது ஊக்கவுரையில், இச்செபத்தைக் கைவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். இன்றும் ஞாயிறு நண்பகலில் திருத்தந்தை வத்திக்கான் சன்னலில் நின்று, வளாகத்தில் கூடியிருக்கும் மக்களோடு இதைச் சொல்கிறார்.

சொல்லி முடிக்க இரண்டு மூன்று நிமிடங்கள் போதும். ஆனால் அந்தச் சில நிமிடங்களுக்குள் முழு மீட்பு வரலாறும் மூன்று படிகளாக அடங்கியிருக்கிறது. முதலில் வானதூதர் மரியாவுக்குச் செய்தி கொண்டு வருகிறார். அடுத்து, மரியா சம்மதம் தருகிறார். மூன்றாவதாக, வாக்கு மனிதராகி நம்மோடு குடியிருக்க வருகிறார். தூது, சம்மதம், குடியிருப்பு ஆகிய இந்த மூன்றையும் ஒரகடம் பகுதியின் அண்மைக்கால நிகழ்வுகளோடு வைத்துப் பார்த்தால், இச்செபம் நம் அன்றாட வாழ்வுக்கு அளவுகோலாகவே மாறிவிடுகிறது.

தூது: உண்மை வந்து சேர வேண்டும்

2021 டிசம்பரில், சுங்குவார்சத்திரம் அருகே ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்கள் தங்கியிருந்த விடுதியில், உணவு நஞ்சாகி 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். சிலர் இறந்துவிட்டதாக வதந்தி பரவியது. அது உண்மையல்ல. ஆனால் தோழிகளின் நிலை என்ன என்று அறியாத பெண்கள் நள்ளிரவில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்துவிட்டார்கள். உண்மைச் செய்தி நேரத்துக்கு வராத இடத்தில் வதந்திதான் தூதராக வந்து நிற்கும்.

செய்தி மேலிருந்து கீழே வருவது மட்டும் போதாது, கீழிருந்தும் மேலே போக வேண்டும். சாம்சங் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள்கள் வேலைநிறுத்தம் செய்ததில், தங்கள் சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பதே முக்கியக் கோரிக்கை. 2025 சனவரியில் அச்சங்கம் பதிவு செய்யப்பட்டது. தொழிலாளர் சங்கம் அமைப்பது மனிதருக்கு இயல்பான உரிமை என்பதை 1891-இலேயே 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலில் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ ஏற்றுக்கொண்டார். அந்தச் சுற்றுமடலை நினைவில் கொண்டே தாம் இப்பெயரைத் தேர்ந்ததாக, 2025 மே மாதம் பொறுப்பேற்ற திருத்தந்தை பதினான்காம் லியோ கர்தினால்களிடம் கூறினார். ஆகவே, தங்கள் குரல் கேட்கப்பட வேண்டும் என்று தொழிலாளர் கேட்பதை ஒழுங்கீனமாகப் பார்க்க நமக்கு உரிமை இல்லை.

சம்மதம்: கேள்வி கேட்கவும் இடம் உண்டு

மரியாவின் சம்மதத்தைப் பற்றிப் பேசும்போது ஒன்றை நாம் எளிதில் தாண்டிவிடுகிறோம். அவர் உடனே தலையாட்டிவிடவில்லை. முதலில் கேள்வி கேட்டார், வானதூதர் விளக்கினார், அதன் பிறகே இசைந்தார் (லூக் 1:34-38). எல்லாம் வல்ல கடவுளே ஓர் ஏழை இளம்பெண்ணின் பதிலுக்காகக் காத்திருந்தார்.

2023 ஏப்ரல் 21 அன்று தமிழகச் சட்டப்பேரவையில், நாளொன்றுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழிவிடும் சட்டத்திருத்தம் நிறைவேறியது. தொழிலாளர் விரும்பினால் மட்டுமே என்று அரசு விளக்கியது. கூட்டணிக் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் அதை எதிர்க்க, மே 1 அன்று அது திரும்பப் பெறப்பட்டது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள மத்திய அரசின் தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும், பெண்கள் இரவுப் பணி செய்ய அவர்களது ஒப்புதல் வேண்டும் என்கின்றன.

நல்ல சொல்தான் ஒப்புதல். ஆனால் ஊரில் தம்பியின் கல்லூரிக் கட்டணமும் குழுக்கடன் தவணையும் காத்திருக்க, ஒப்பந்தம் அடுத்த மாதம் புதுப்பிக்கப்படுமா என்று தெரியாத நிலையில், 'முடியாது' என்று சொல்ல எத்தனை பேரால் இயலும்? மறுக்க முடியாதவரிடம் வாங்கும் கையெழுத்து சம்மதம் ஆகாது. கண்காணிப்பாளராகவோ மனிதவள அதிகாரியாகவோ பணியாற்றும் நம் பங்குமக்கள் இச்செபத்தின் இரண்டாம் படியில் சற்று நின்று யோசிக்கட்டும். இன்று நம்மிடம் ஒருவர் கேள்வி கேட்டபோது, பொறுமையாகப் பதில் சொன்னோமா?

குடியிருப்பு: பக்கத்து வீட்டில் கடவுள்

வாக்கு மனிதராகி நம்மிடையே குடியேறியதைச் சொல்லும் யோவானின் கிரேக்கச் சொல்லுக்கு, 'கூடாரம் அடித்துத் தங்கினார்' என்பதே நேர்ப்பொருள் (யோவா 1:14). பிழைப்புத் தேடி வந்து தகரக் கொட்டகையிலும் விடுதியிலும் தங்குகிறவர்களுக்கு இதைவிட நெருக்கமான நற்செய்தி வேறு இல்லை.

2021 நிகழ்வுக்குப் பிறகு, விடுதியும் உணவுக்கூடமும் தரத்துக்கு ஏற்ப இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டு, அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. 2024 ஆகஸ்ட் 17 அன்று வல்லம் வடகாலில் சிப்காட் நிறுவனம் 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டுக் கட்டிய, 18,720 பேர் தங்கும் விடுதி வளாகம் திறக்கப்பட்டது. தொழிலாளரின் இருப்பிடமும் தொழில் வளர்ச்சியின் பகுதியே என்று ஏற்றுக்கொண்டது வரவேற்கத்தக்கது. ஆனால், கட்டில் தருவது வேறு, உறவு தருவது வேறு. அரசாலும் நிறுவனத்தாலும் தர முடியாத இந்த இரண்டாவதைத்தான் பங்குச் சமூகம் தர வேண்டும்.

இன்றே தொடங்கலாம்

ஆலய மணி ஆலைக்குள் கேட்காது. பல இடங்களில் கைப்பேசியும் உள்ளே போகாது. பரவாயில்லை, நம் மூவேளையை ஷிஃப்ட் கணக்கிலேயே அமைத்துக்கொள்வோம். பேருந்தில் ஏறி அமர்ந்ததும் முதல் படி: இன்று எனக்குக் கடவுள் அனுப்பும் செய்தி யார் வழியாக வரப்போகிறது? உணவு இடைவேளையில் இரண்டாம் படி: நான் எதற்கு ஆம் சொல்கிறேன், எதற்குச் சொல்லக் கூடாது? அறைக்குத் திரும்பும்போது மூன்றாம் படி: என் பக்கத்துக் கட்டிலில் படுப்பவர் சாப்பிட்டாரா, அவர் வீட்டில் எல்லாரும் நலமா? ஒவ்வொரு படிக்கும் ஓர் 'அருள்நிறைந்த மரியே' போதும்.

அன்பியங்களும் செய்யக் கூடியவை உண்டு. வாடகைக்கு வந்திருக்கும் பிள்ளைகள் எந்த ஷிஃப்டில் இருக்கிறார்கள் என்று கேட்டு, அவர்களுக்கு ஏற்ற நேரத்தில் கூடலாம். ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்திருக்கும் கத்தோலிக்கப் பழங்குடி இளைஞர்களைத் தேடிப்போய், அவர்கள் மொழியில் ஒரு வாசகமாவது ஒலிக்கச் செய்யலாம். தூரத்து மாவட்டங்களில் மகளை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் பெற்றோர், தொலைபேசியில் பேசும்போது சம்பளத்தைப் பற்றி மட்டுமல்லாமல் தூக்கத்தைப் பற்றியும் கேட்கலாம்.

நாசரேத்தில் அன்று தூது வந்தது ஓர் எளிய வீட்டுக்குத்தான். இன்றிரவு வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளிடமும் அதே கடவுள் வருகிறார். அவர்களைக் கேட்பவர்களாக, மதிப்பவர்களாக, அவர்களோடு குடியிருப்பவர்களாக நாமும் மாறுவோம். மரியன்னை நமக்காகப் பரிந்து பேசுவாராக.