ரெண்டு காப்பி

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். ஆறாவதில் பக்கத்து சீட் இளைஞர் கண்ணை மூடி எதையோ முணுமுணுத்தார். வாந்திதான் என்று பயந்து ஜன்னலோரத்தை விட்டுக் கொடுத்தேன். இல்லையாம். மலை மேல் ஒரு பள்ளியில் இங்கிலீஷ் வாத்தியார் வேலைக்கு இன்டர்வியூ. 'மினிமல் பேர், ஷ்வா, ஸ்ட்ரெஸ்' என்று உருப்போட்டுக் கொண்டிருந்தார்.

"எம்.ஏ. இங்கிலீஷ் சார். போன இடத்துல மினிமல் பேர்னா என்னன்னு கேட்டாங்க. முழிச்சேன். அனுப்பிச்சுட்டாங்க."

"புலி, புளி" என்றேன்.

ஒரு மாதிரி பார்த்தார்.

விஷயம் அவ்வளவுதான். ஒரே ஒரு ஒலி மாறினால் அர்த்தமே மாறிவிடும் ஜோடி. ரசத்தில் புலியைக் கரைக்க முடியாது. இங்கிலீஷில் குடிக்கிற காஃபியும், ஜெராக்ஸ் எடுக்கிற காப்பியும் அப்படித்தான். நமக்கு 'ஃப' சொந்தச் சரக்கில்லை. ரெண்டையும் காப்பி ஆக்கிவிட்டோம். மானேஜர் "ரெண்டு காப்பி" என்றால் டம்ளரா, பேப்பரா என்பது அவர் முகத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

ஷ்வா என்பது 'அபௌட்'டின் தொடக்கத்தில் வரும் சோம்பேறி 'அ'. இங்கிலீஷில் அதிகம் புழங்குகிற உயிரொலி அதுதான். தனி எழுத்து மட்டும் கிடையாது. ஸ்ட்ரெஸ்தான் நமக்குப் பெரிய வம்பு. 'போட்டோகிராஃப்' என்றால் முதல் அசையில் அழுத்தம், 'போட்டோகிராஃபர்' என்றால் இரண்டாவதில், 'போட்டோகிராஃபிக்' என்றால் மூன்றாவதில். அழுத்தம் விழாத அசை பெரும்பாலும் ஷ்வாவாகச் சுருங்கிவிடும். நாமோ பந்தி மாதிரி எல்லா அசைக்கும் சமமாகப் பரிமாறுகிறோம்.

"ஸ்பெல்லிங்கைப் பார்த்துப் படிச்சா போதாதா சார்?"

போதாது. 1820களில் இந்த மலைக்குக் காப்பிச் செடி கொண்டுவந்த சேலம் கலெக்டர் பெயரை எழுதும்போது நடுவில் சி, கே இரண்டும் உட்கார்ந்திருக்கும். நாம் 'காக்பர்ன்' என்போம். அவர்கள் ஊரில் 'கோபர்ன்'. அந்தத் துரைமார்கள் சேர்வராயன் மலையை 'ஷெவராய்' ஆக்கினார்கள். அவர்களை யாரும் இன்டர்வியூவில் ஃபெயிலாக்கவில்லை!

சாயங்காலம் ஏரிக்கரையில் மறுபடி பார்த்தேன். "என்னாச்சு?"

"காஃபி, காப்பி சொன்னேன் சார். சிரிச்சாங்க. நாளைக்குக் காலைல ஒரு கிளாஸ் எடுத்துக் காட்டணுமாம்."

"சபாஷ்! ராத்திரி எங்க தங்கறீங்க?"

"சீசன்ல லாட்ஜுக்கு ஏது சார் காசு? சேலம் போயிட்டு விடிகாலைல வரணும். இன்னும் 40 வளைவு" என்றவர், மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.