செயலி பழுதன்று, பதிவேடு அழிந்தது



காலையில் கணினியின் விசையை அழுத்துகிறீர்கள். வழக்கமாகத் தோன்றும் படம் வரவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துக்களில் ஓர் ஆங்கில வாசகம் வந்து நிற்கின்றது. 'செயலி இயங்கவில்லை, அல்லது மாற்றப்பட்டுள்ளது; அதன் அமைப்புகளைச் சரிபார்க்கவும்' என்பது அதன் பொருள். வேறு சில கணினிகளில், 'புதிய செயலி பொருத்தப்பட்டுள்ளது. அமைப்புப் பகுதிக்குள் செல்லவும்' என்று வரும். செயலி என்பது கடைக்காரர் பிராசஸர் என்று கூறும் பொருளே.

பெட்டியைத் திறந்தவர் வீட்டில் எவருமில்லை. செயலியை மாற்றியவரும் இல்லை. கணினியின் மூளையே போய்விட்டது என்று அஞ்சி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு விரைவோர் பலர். சில பத்து ரூபாய்களில் முடிய வேண்டியது சில ஆயிரங்களில் முடிவதற்கு இந்த அச்சமே காரணமாகி விடுகின்றது. ஆகவே இம்மாதம் இவ்வெச்சரிக்கையின் பொருளையும், அது வரும்போது செய்ய வேண்டியவற்றையும் காண்போம்.

விசையை அழுத்தியதும் முதலில் எழுவது விண்டோஸ் அன்று. மதர்போர்டு எனப்படும் தாய்ப்பலகையில் பதிந்துள்ள பயாஸ் என்ற சிறு நிரலே முதலில் விழிக்கின்றது. வகுப்பு தொடங்குமுன் ஆசிரியர் வருகைப் பதிவேட்டை விரித்துப் பெயர் வாசிப்பது போல, அது செயலி, நினைவகம், வட்டு ஆகியவற்றை ஒவ்வொன்றாக அழைத்துப் பார்க்கின்றது. செயலி எவ்வேகத்தில் இயங்க வேண்டும் என்பது போன்ற குறிப்புகள் அப்பதிவேட்டில் உள்ளன. குறிப்பு அழிந்துவிட்டாலோ, அதில் உள்ளதும் எதிரே இருப்பதும் பொருந்தாவிட்டாலோ, பயாஸ் மேலே செல்லாமல் நின்று உங்களிடம் கேட்கின்றது. பதிவேடு தொலைந்தால் மாணவன் தொலைந்தான் என்று பொருளாகாது. பயாஸ் நிரலை இயக்குவதும் செயலியே அன்றோ? அவ்வாறாயின், 'செயலி இயங்கவில்லை' என்ற அவ்வாசகத்தைத் திரையில் எழுதியதும் அதே செயலிதான்! முற்றிலும் பழுதான செயலி எதையும் எழுதாது. திரை வெறுமையாகவே இருக்கும்.

இப்பதிவேடு வந்த வழியைச் சிறிது அறிவது நலம். 1981இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட கணினியில், பலகை மீதிருந்த சிறு விசைகளைக் கையால் தள்ளியே அமைப்புகளை மாற்ற வேண்டியிருந்தது. 1984இல் வந்த ஏ.டி. என்ற கணினியில், மின்கலத்தின் துணையோடு இயங்கும் கடிகாரச் சில்லு ஒன்று இடம்பெற்றது. அதன் மொத்தக் கொள்ளளவு 64 பைட்டுகள். அவற்றுள் 14 கடிகாரத்திற்கு உரியவை. எஞ்சிய 50 பைட்டுகளில் அமைப்புகள் பதியப்பட்டன. 1990களின் பிற்பகுதியில் செயலியின் வேகத்தையும் திரையிலேயே மாற்றும் வசதி வந்தது. தைவானைச் சேர்ந்த ஏபிட் நிறுவனம் 'சாஃப்ட்மெனு' என்ற பெயரில் இதைத் தந்தது. 1998இல் இன்டெல் வெளியிட்ட செலரான் 300ஏ என்ற செயலி 66 மெகாஹெர்ட்ஸ் அடிப்படை வேகத்தை நாலரையால் பெருக்கி ஏறத்தாழ 300 மெகாஹெர்ட்ஸில் ஓடுவது. அடிப்படையை 100 ஆக்கினால் அது 450 ஆகும். ஆர்வலர் பலர் அவ்வாறே ஓட்டினர். அவ்வேகத்தில் கணினி எழ மறுக்கும்போது, ஏபிட் பலகை மெதுவான வேகத்திற்குத் திரும்பி, நாம் முதலில் கண்ட எச்சரிக்கையைக் காட்டும். அந்நிறுவனம் 2008ஆம் ஆண்டோடு தாய்ப்பலகைத் தொழிலை விட்டுவிட்டது. எனினும் அவ்வகை எச்சரிக்கை பல சொற்களில் இன்றும் வாழ்கின்றது.

இனி, செய்ய வேண்டியவற்றை வரிசையாகக் காண்போம்.

முதலாவதாக, எந்த விசையையும் தொடாமல் வாசகம் முழுவதையும் படியுங்கள்; கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இதன் காரணத்தைப் பின்னர் உணர்வீர்கள்.

இரண்டாவதாக, அமைப்புப் பகுதிக்குள் செல்லுங்கள். பெரும்பாலான கணினிகளில் டெலிட் அல்லது எஃப் 2 விசை அதற்குரியது. அங்கே நாளும் நேரமும் சரியாக உள்ளனவா என்று பாருங்கள். நாள் பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றிருந்தால், மின்கலம் தீர்ந்துவிட்டது என்று ஐயுறலாம். வட்டு எம்முறையில் இயங்குகின்றது என்பதை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, தொடக்க அமைப்புகளை ஏற்றும் கட்டளையைத் தேர்ந்தெடுத்து, நாளைத் திருத்திச் சேமியுங்கள். பின்னர் விண்டோஸ் எழாவிடில், வட்டின் முறை மாறியுள்ளதா என்று அக்குறிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். தொடங்கும் நடுவில் மின்தடை ஏற்பட்டதால் வந்த எச்சரிக்கையாயின் பெரும்பாலும் இத்துடன் தீர்ந்துவிடும்.

மூன்றாவதாக, மின் இணைப்பைத் துண்டித்து ஓர் இரவு கழிந்ததும் நாள் மீண்டும் தவறினால், மின்கலத்தை மாற்றுங்கள். மேசைக் கணினிகளில் பெரும்பாலும் சி.ஆர். 2032 என்ற நாணய வடிவ மின்கலமே இருக்கும். 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிப்பு என்பதையே அவ்வெண் குறிக்கின்றது. மின்னழுத்தம் 3 வோல்ட். மின்செருகியைப் பிடுங்கிய பின்னரே பெட்டியைத் திறக்க வேண்டும். எழுத்துப் பொறித்த பக்கம் முன்போலவே வெளியே தெரியுமாறு புதியதைப் பொருத்துக. மடிக்கணினியாயின் பழகியவரிடம் கொடுப்பதே நன்று.

இங்கே பெற்றோர்க்கு ஒரு சொல். கழற்றிய மின்கலத்தை மேசை மீது வைத்துவிடாதீர்கள். அது தீர்ந்ததாயினும், குழந்தை விழுங்கி உணவுக்குழலில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திற்குள் உட்புறத்தைப் புண்ணாக்கி உயிருக்கே உலை வைக்கும். அவ்வாறு நேர்ந்தால் வாந்தி எடுக்கச் செய்யாமல் அந்நொடியே மருத்துவமனைக்கு விரையுங்கள்.

நான்காவதாக, உண்மையிலேயே புதிய செயலியைப் பொருத்தியிருந்தால், பழைய பயாஸ் அதனை அறியாமலிருக்கலாம். தாய்ப்பலகை நிறுவனம் வெளியிட்ட புதிய பயாஸை ஏற்ற வேண்டும். அவ்வேளையில் மின்சாரம் தடைப்பட்டால் பலகையே பயனற்றுப் போகலாம், ஆதலால் யு.பி.எஸ். இன்றி இதில் இறங்க வேண்டாம்.

ஐந்தாவதே மிக முக்கியமானது. 2021இல் வந்த விண்டோஸ் 11, டி.பி.எம். என்ற பாதுகாப்பு வசதி கணினியில் இருக்க வேண்டும் என்று விதித்தது. ஏ.எம்.டி. செயலி உள்ள பல கணினிகளில் இவ்வசதி செயலியோடு பிணைந்துள்ளது. செயலியை மாற்றினாலோ, சில வேளைகளில் பயாஸைப் புதுப்பித்தாலோ, 'டி.பி.எம். பதிவை அழிக்க ஒய் விசையையும், விட்டுவைக்க என் விசையையும் அழுத்துக' என்ற வாசகம் வரும். உங்கள் வட்டு பிட்லாக்கர் என்ற பூட்டினால் பூட்டப்பட்டிருந்தால், ஒய் விசையை அழுத்திய பின் 48 இலக்கங்கள் கொண்ட மீட்பு எண் இன்றி அது திறவாது. பல மடிக்கணினிகளில் இப்பூட்டு உரிமையாளர் அறியாமலேயே போடப்பட்டிருக்கின்றது. மகளின் திருமணப் படங்களும், கடையின் கணக்குகளும், பிள்ளையின் ஆய்வேடும் உள்ளே இருக்க, நீங்கள் வெளியே நிற்க நேரும். மீட்பு எண் கையில் இல்லாதவரை என் விசையையே அழுத்துங்கள். அதனால் பழைய பதிவு அழிவதில்லை; பழைய செயலியைத் திரும்பப் பொருத்தி உள்ளே செல்லும் வழியும் அடைபடுவதில்லை.

எனவே, கணினி நலமாக உள்ள இன்றே மைக்ரோசாஃப்ட் கணக்கிற்குள் சென்று அவ்வெண் அங்கு உள்ளதா என்று பாருங்கள். இருந்தால் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு சேர்த்து வையுங்கள். முக்கியமான கோப்புகளுக்கு வெளிவட்டு ஒன்றில் படியெடுத்து வையுங்கள். கடைக்கே செல்ல நேர்ந்தாலும், எடுத்த படத்தைக் காட்டி, 'மின்கலத்தை மாற்றிப் பார்த்தீர்களா? அமைப்புகளை மீட்டுப் பார்த்தீர்களா?' என்று கேளுங்கள். இவ்விரண்டுக்கும் விடை கிடைத்த பின்னரே புதிய செயலி, புதிய பலகை என்ற பேச்சுக்குச் செவிகொடுங்கள்.