ஒரு மாங்கா, இரண்டு அனிமே: எதை முதலில் பார்ப்பது?

‘புத்தகத்துல இருந்த மாதிரி இல்லையே!’ ஒரு கதை திரைக்கு வரும்போதெல்லாம் கேட்கும் புலம்பல் இது. ஜப்பானில் ஒரு மாங்கா, அதாவது காமிக்ஸ் தொடர், ‘போன்ஸ்’ என்ற ஒரே ஸ்டூடியோவால் இரண்டு முறை அனிமே தொடராக எடுக்கப்பட்டது. ஆரம்பம் ஒன்றுதான், போய்ச் சேர்ந்த இடம்தான் வேறு வேறு. அந்த மாங்கா, ‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்’.

ஹொக்கைடோ தீவில் பால்பண்ணைக் குடும்பத்தில் பிறந்த ஹிரோமு அரகாவா, 2001-ல் தொடங்கிய கதை இது. எட்வர்ட், அல்போன்ஸ் என்ற இரண்டு சிறுவர்கள், இறந்துபோன அம்மாவை ரசவாதத்தால் உயிர்ப்பிக்கப் பார்க்கிறார்கள். அது விபரீதமாகிறது. அண்ணனுக்கு ஒரு கால் போகிறது. தம்பிக்கு உடம்பே போகிறது. தம்பியின் உயிரை ஓர் இரும்புக் கவசத்துக்குள் பிடித்துவைக்க, அண்ணன் தன் வலது கையையும் கொடுக்கிறான்.

ஒன்றைப் பெற, அதே மதிப்புள்ள இன்னொன்றைக் கொடுக்க வேண்டும். கதையின் அடிப்படை விதி இதுதான். அதை எடுத்த அனிமேக்களும் இந்த விதிக்குத் தப்பவில்லை.

முதல் அனிமே 2003-ல் வந்தது. அப்போது மாங்காவுக்கு இரண்டு வயதுதான். கதை முடிய இன்னும் பல ஆண்டுகள் இருந்தன. எனவே, பாதி வழியில் மாங்காவை விட்டு விலகி, தனக்கென ஒரு முடிவை நோக்கிப் போனது. அரகாவாவின் விருப்பமும் அதுவே. 51 எபிசோடுகள், பிறகு 2005-ல் ஒரு திரைப்படம் என அந்தக் கதை நிறைவடைந்தது.

2009-ல் ‘பிரதர்ஹுட்’ என்ற பெயரில் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார்கள். இந்த முறை மாங்காவின் பாதையிலேயே நடந்தார்கள். 2010 ஜூனில் மாங்கா முடிய, ஜூலையில் 64-வது எபிசோடோடு அனிமேயும் முடிந்தது. 27 தொகுதிகளின் கதையும் கிட்டத்தட்ட முழுமையாகத் திரைக்கு வந்தது.

அப்படியானால் ‘பிரதர்ஹுட்’தானே சிறந்தது? அவசரப்பட வேண்டாம். ராணுவ அதிகாரி ஹியூஸின் மரணத்தைப் பாருங்கள். (இன்னும் பார்க்காதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடலாம்!)

‘பிரதர்ஹுட்’டில் அவர் 10-வது எபிசோடிலேயே இறந்துவிடுகிறார். 2003 அனிமேயிலோ 25-வது எபிசோடில். அதற்குள் அவர் நம் வீட்டு ஆள் மாதிரி ஆகிவிடுகிறார். எட்வர்டின் பிறந்தநாளன்று அவருடைய மகள் பிறக்கும் காட்சி, அந்த அனிமேக்காகவே எழுதப்பட்டது. அதே குழந்தை, அப்பாவை ஏன் புதைக்கிறார்கள் என்று மயானத்தில் கேட்கும்போது, தொண்டை அடைக்காமல் இருக்க முடியாது. இரண்டிலும் அந்தக் காட்சி உண்டு. வலியின் அளவுதான் வேறு.

பழைய பார்வையாளர்களுக்குத் தெரிந்த கதைதானே என்று ‘பிரதர்ஹுட்’ தொடக்கத்தில் ஓட்டமாக ஓடுகிறது. மாங்காவில் ஆரம்பத்திலேயே வரும் சுரங்கத் தொழிலாளர்கள் கதை, இதில் பிற்பாடு ஒரு நகைச்சுவை ஃபிளாஷ்பேக்காகச் சுருங்கிவிட்டது. முதல் அனிமே அதற்கு ஒரு முழு எபிசோடையே கொடுத்திருந்தது.

ஆக, முதல் அனிமேயிடம் நேரம் இருந்தது. மாங்காவின் முடிவு இல்லை. இரண்டாவதிடம் முடிவு இருந்தது, நிதானம் இல்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் 2003 அனிமேயை முதலில் பார்த்துவிட்டு ‘பிரதர்ஹுட்’டுக்குப் போகலாம். ஒரே ஒரு தொடருக்குத்தான் நேரம் என்றால், ‘பிரதர்ஹுட்’. இரண்டிலுமே மனதை உலுக்கும் காட்சிகள் உண்டு என்பதால், சின்னக் குழந்தைகளுக்கு வேண்டாம்.

நிதானம், முடிவு இரண்டும் வேண்டுமா? மாங்காதான் வழி. கூடவே, தன்னைக் கண்ணாடி போட்ட ஒரு பசுமாடாக வரைந்துகொள்ளும் அரகாவாவின் குறும்பையும் ரசிக்கலாம்!