ஈறு நோய்க்குச் 'சூடு' என்று பெயர் வைத்தது யார்?

பிள்ளையின் ஈறுகளில் இரத்தம் கசிந்தால் நம் வீடுகளில் கிடைக்கும் மருத்துவ அறிக்கை ஒரே சொல்லில் முடிந்துவிடுகிறது: சூடு. இளநீர் குடி, வெந்தயத்தை ஊறவைத்துத் தின், இரண்டு நாளைக்குப் பல்லை அழுத்தித் துலக்காதே! இந்த மூன்றாவது அறிவுரை இருக்கிறதே, அதுதான் நோயை வளர்க்கும் அறிவுரை. கண்ணில் இரத்தம் வந்தால் அந்த நொடியே கிளினிக்கிற்கு ஓடும் பெற்றோர், வாயில் வந்தால் கொப்பளிக்கச் சொல்லிவிட்டுப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். நல்ல ஈறு துலக்கியதால் கசிவதில்லை. துலக்காமல் விட்ட இடமே கசிகிறது.

இஃது என் சொந்தக் கருத்தன்று. 1965இல் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் ஹரால்டு லோவும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நல்ல ஈறுகளை உடைய 12 பேர். பெரும்பாலோர் பல் மருத்துவ மாணவர்கள். அவர்கள் பல் துலக்குவதை அறவே நிறுத்தினர். 10 நாள் முதல் 21 நாளுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு அழற்சி வந்துவிட்டது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் ஈறுகள் பழைய நிலைக்குத் திரும்பின. இளநீருமில்லை, வெந்தயமுமில்லை. பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் நாள்தோறும் படியும் நுண்ணுயிர்ப் படலமே காரணம். அதனை அகற்றுவதே மருந்து.

அந்தப் படலத்தை அகற்றாமல் விட்டால் அது பற்காரையாக இறுகுகிறது. எந்தப் பற்பசையும், உப்பும், உமிக்கரியும் இறுகிய காரையைக் கரைக்கமாட்டா. அழற்சி உள்ளே இறங்கிப் பல்லைத் தாங்கும் எலும்பை அரிக்கத் தொடங்கினால், போன எலும்பு தானாக வளர்ந்து வருவதில்லை. வலியும் பெரும்பாலும் இராது. இதனால்தான் 'வலிக்கவில்லையே' என்ற சமாதானம் இந்த நோயிடம் செல்லாது.

வைத்தியமே செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. அது நம் இனத்தாரின் வாயிலிருந்தே எடுக்கப்பட்ட சான்று! 1970 தொடங்கி 15 ஆண்டுகள், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த 480 தமிழ் ஆண்களை லோவின் குழு கண்காணித்தது. அவர்களுக்குப் பல்துலக்கும் வழக்கமில்லை, பல் மருத்துவமும் எட்டவில்லை. சொத்தைப்பல் அவர்களிடம் ஏறக்குறைய இல்லவே இல்லை. ஆயினும், 8 விழுக்காட்டினருக்கு நோய் விரைந்து பரவியது. 45 வயதை நெருங்கும்போது அவர்கள் பற்களில் பெரும்பாலானவற்றை இழந்திருந்தார்கள். 81 விழுக்காட்டினருக்கு மிதமாகப் பரவியது. 11 விழுக்காட்டினர் மட்டும் ஈறு அழற்சியோடு தப்பினர். உடல்வாகுக்கும் இதில் பங்குண்டு என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது. ஆனால், தம் பிள்ளை அந்தப் பதினொருவரில் ஒருவன் என்று எந்தப் பெற்றோர் உறுதி கூற முடியும்? 1986இல் வெளிவந்த இந்த ஆய்வை உலகெங்கும் பல் மருத்துவ மாணவர்கள் படிக்கிறார்கள். நம் நலக்கல்விப் பாடத்திலோ மிட்டாயும் சொத்தைப்பல்லும்தான் மீண்டும் மீண்டும் வருகின்றன. ஈறு என்றோர் உறுப்பு இருப்பதையே மறந்துவிடுகிறோம்.

அடுத்து, பெரியவர்களிடம் வேரூன்றிவிட்ட ஓர் அச்சம்: "காரையை எடுத்தால் பல் ஆடும்." இப்படிச் சொல்லியே எத்தனை தாத்தா பாட்டிகள் முழுப்பல்செட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்! உண்மை என்னவெனில், எலும்பு கரைந்து ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பற்களைக் காரைதான் பாலம்போல் ஒட்டிப் பிடித்திருந்தது. அதை அகற்றியதும் ஆட்டம் வெளியே தெரிகிறது. வீங்கிய ஈறு வற்றுவதால் இடைவெளி புலப்படுகிறது. சில வாரம் பல் கூசவும் செய்யலாம். திரையை விலக்கியவர் மீது பழி போடுகிறோம்; திரைக்குப் பின்னால் நடந்ததைக் கேட்பதில்லை.

முறையான சிகிச்சை எளிமையானதே. மருத்துவர் பல்லுக்கும் ஈறுக்கும் இடையிலுள்ள பள்ளத்தை மெல்லிய அளவுகோலால் அளப்பார். 3 மில்லிமீட்டர் வரை இயல்பு. அதற்கு மேல் ஆழமாகி இரத்தமும் வந்தால் கவனிக்க வேண்டும். மேலேயுள்ள காரையை நீக்குவார். தேவையெனில் மரத்துப்போகச் செய்து, ஈறுக்குக் கீழே வேர்ப்பகுதியையும் தூய்மை செய்வார். சில வாரங்கள் கழித்து மீண்டும் அளப்பார். அதன்பின் 3 முதல் 6 மாதத்துக்கொரு முறை பார்க்க வரச் சொல்வார். சிலருக்கு மட்டுமே அறுவை தேவைப்படும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை இதற்கெல்லாம் ஈடாகாது.

2010ஆம் ஆண்டு தேசிய வாய்நல ஆய்வு, மலேசியப் பெரியவர்களில் 94 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஓர் ஈறுக்கோளாறு இருந்ததாகக் கூறியது. 2023ஆம் ஆண்டு சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் ஆறில் ஒருவருக்கு நீரிழிவு. இவ்விரு நோய்களும் ஒன்றையொன்று வளர்ப்பவை. சர்க்கரை கூடினால் ஈறு கெடுகிறது. ஈறு அழற்சி சர்க்கரையைக் கட்டுப்பாட்டுக்கு வரவிடுவதில்லை. ஈற்றுச் சிகிச்சைக்குப் பின் மூன்று மாதச் சர்க்கரை அளவு ஓரளவு குறைவதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. நீரிழிவு மாத்திரையைத் தவறாமல் விழுங்கும் எத்தனை தந்தையர் தம் ஈறுகளைக் காட்டியிருக்கிறார்கள்? புகைப்பவர்க்கோ இன்னொரு மாயம்: புகையிலையால் இரத்தக் கசிவு குறைவாகவே தெரியும், எனவே நோய் இல்லையென்று நம்பிவிடுவார்கள்.

இனி, ஆசிரிய நண்பர்களிடம் ஒரு சொல். 1949இலேயே பினாங்கில் பள்ளிப் பிள்ளைகளுக்காகப் பல் தாதியர் பயிற்சி தொடங்கிவிட்டது. அந்த மரபில் வரும் அரசுப் பற்சிகிச்சைக் குழு இன்றும் பள்ளி வாசலுக்கே வருகிறது. மாணவர்க்குக் கட்டணமும் இல்லை. அவர்கள் வரும் நாளில் ஆசிரியர் அறையில் கேட்பது என்ன? 'பாடம் கெட்டுவிட்டது' என்ற முணுமுணுப்பு! வீட்டிலிருந்து திரும்பும் ஒப்புதல் படிவங்களிலோ, 'வேண்டாம், பயப்படுவான்' என்று எழுதி அனுப்புகிறார்கள். தேர்வுக்கு முன் கூடுதல் வகுப்பு வைக்க எந்தத் தடையும் சொல்லாத நாம், பிள்ளையின் வாயை ஒருவர் பத்து நிமிடம் பார்ப்பதற்கு இவ்வளவு தடை சொல்கிறோம்.

ஏழு வயது வரையேனும் பெற்றோரே பின்னால் நின்று துலக்கிவிட வேண்டும். மென்மையான நாருள்ள பல்துலக்கியை ஈறு விளிம்பை நோக்கிச் சாய்த்து, இரவிலும் காலையிலும் இரண்டு நிமிடம். இரண்டு வாரம் இப்படி ஒழுங்காகத் துலக்கியும் கசிவு நிற்காவிட்டால் கிளினிக்கிற்கு அழைத்துச் செல்லுங்கள். அரிதாக இரத்தக் கோளாறும் காரணமாக இருக்கலாம்.

ஒப்புதல் படிவத்தில் 'வேண்டாம்' என எழுதும் பெற்றோர் பல் தாதியிடம் நேரில் பேசிய பிறகே அதில் கையொப்பமிட வேண்டும் என்றொரு முன்மொழிவை, அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திற்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். மறுப்புடையோர் அங்கேயே எழுந்து பேசலாம்.