பாதி வழியில் ஒரு கூடாரம்!

போன வாரம் அரியர் புராணம் பாடி உங்களை அழவைத்ததற்குப் பிராயச்சித்தமாக, இந்த வாரம் ஒரு டூர் மேட்டர்.

"லீவுக்கு எங்கடி போனே?" என்று கேட்ட ஃப்ரெண்ட்ஸிடம், "தாத்தா, பாட்டியோட கேம்ப்பிங்" என்றேன். ஒருத்தி மூணு நிமிஷம் விடாமல் சிரித்தாள். எல்லோரும் கோவா, கொடைக்கானல் என்று போட்டோ போடுகிற சீஸனில், 77 வயசு தாத்தாவை டென்ட்டில் தூங்க வைத்த பொண்ணு எங்க பெரம்பூரிலேயே நான் ஒருத்திதான் இருப்பேன்!

கொஞ்சம் ஃப்ளாஷ்பேக் ஓட்டிக்கறேன். எங்க தாத்தா ஐ.சி.எஃப்-ல் வெல்டர். 1955 அக்டோபர் 2-ம் தேதி நேரு திறந்து வைத்த அதே ரயில் பெட்டித் தொழிற்சாலை. அங்கே ரெண்டு பெரிய டிவிஷன். பெட்டியோட கூடு செய்வது ஷெல் டிவிஷன். அதற்குள் சீட்டு, ஃபேன், லைட் எல்லாம் மாட்டுவது ஃபர்னிஷிங் டிவிஷன். தாத்தா ஷெல். 1970-ல் சேர்ந்து 2009-ல் ரிட்டயர். "நான் கூடு கட்டுற ஆளு. உள்ள யார் உக்காந்து எங்க போறாங்கன்னு எனக்குத் தெரியாது"ன்னு பெருமையா, கொஞ்சம் வருத்தமா சொல்வார்.

ரிட்டயர் ஆன ரயில்வேக்காரர்களுக்கு ஃப்ரீ பாஸ் உண்டு. அதை வைத்து வருஷா வருஷம் மே மாசம் தாத்தாவும் பாட்டியும் பெங்களூரு போவாங்க. அங்கேதான் சித்தப்பா ஃபேமிலி. பேரப் பசங்க ரெண்டு பேர். பையனுக்கு ஏழு வயசு, குட்டிப் பொண்ணுக்கு அஞ்சு.

போவாங்களே தவிர, அங்கே தாத்தா ஒரு மாதிரி ஆகிடுவார். காலையில நாலரைக்கே முழிச்சுட்டு, காபிக்கு ஏழு மணி வரைக்கும் சோபா நுனியில உக்காந்திருப்பார். பதினோராவது மாடி. எந்த ஸ்விட்ச் எதுக்குன்னு தெரியாது, கேட்கவும் கூச்சம். பசங்களுக்கு ஸ்விம்மிங், அபாகஸ், கீபோர்டுன்னு வரிசையா கிளாஸ். "தாத்தா, டென் மினிட்ஸ்" என்று ஓடினால் ராத்திரிதான் தரிசனம். நாலாம் நாள் தாத்தா மெதுவா ஆரம்பிப்பார்... "ரிட்டர்ன் டிக்கெட் என்னிக்கு?"

அவங்க பெரம்பூர் வந்தாலும் இதே கதைதான். கொசு, வெயில், கரன்ட் கட். பசங்க முகம் ரெண்டே நாளில் வாடிடும். அங்கே இவங்க விருந்தாளி, இங்கே அவங்க விருந்தாளி.

போன தடவை போனப்போ, சித்தப்பா ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். "அப்பா, பெரம்பூர் வீட்டை வித்துட்டு எங்ககூடவே வந்துடுங்களேன்!" அவர் பாசத்துலதான் சொன்னார். பாட்டிக்கு முட்டி வலி, தாத்தாவுக்கு பி.பி., அந்தக் கவலை அவருக்கு. ஆனா, தாத்தா பதிலே பேசலை. ஊருக்கு வந்து பாஸைப் பெட்டிக்குள்ள வெச்சுப் பூட்டினவர்தான். ரெண்டு கோடை லீவு அப்படியே போச்சு. நடுவுல வீடியோ கால் மட்டும். அதுலயும் பேரப் பசங்களுக்குத் தாத்தாவோட நெத்தி மட்டும்தான் தெரியும்.

இந்த வருஷம்தான் எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த இன்ஜினீயர் முழித்துக்கொண்டாள். மேப்பைத் திறந்தேன். சென்னைக்கும் பெங்களூருக்கும் சுமார் 350 கிலோமீட்டர். நடுவுல எங்கேயாவது ரெண்டு பக்கமும் வந்தா? ஏலகிரி! நம்மகிட்டேர்ந்து 230, அவங்ககிட்டேர்ந்து 160. துல்லியமா பாதி இல்லைதான். என் இன்டர்னல் மார்க்கைப் பார்த்தவர்கள் ஆச்சர்யப்பட மாட்டார்கள். சித்தப்பாகிட்ட சொன்னேன். ஒரு நிமிஷம் சைலன்ட். அப்புறம், "அப்பா வருவாரா?" என்றார். "ரூம் இல்லை சித்தப்பா, டென்ட்"னு சொன்னேன். "டென்ட்டா?!"

அப்பா, அம்மாவுக்கு லீவு கிடைக்கலை. ஸோ, டிரைவர் நானே. லைசென்ஸ் வாங்கி பத்தே மாசம். பாட்டி நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். அது காருக்காக இல்லை, எனக்காக என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

விடியறதுக்குள்ள கிளம்பி, பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர் தாண்டி, பாட்டியின் முட்டிக்காக மணிக்கு ஒரு தடவை நிறுத்தி, வாலாஜாபேட்டையில் டீ. அங்கேதான் தாத்தா முதல் முறையா வாயைத் திறந்தார். "பாப்பா, 1856 ஜூலை 1. தென்னிந்தியாவோட முதல் ரயில் நம்ம ராயபுரத்துலேர்ந்து கிளம்பி இந்த வாலாஜா ரோடு வரைக்கும்தான் வந்துச்சு. பெங்களூருக்கெல்லாம் அப்புறம்தான் போச்சு." அதாவது, அந்த ரயிலும் முதலில் பாதி வழிக்குத்தான் வந்திருக்கிறது. ஐடியாவுக்கு முன்னோடி கிடைத்த சந்தோஷத்தில் டீக்குக் காசு நானே கொடுத்தேன்!

ஆம்பூரில் பிரியாணி பார்சல். வாணியம்பாடி தாண்டித் திரும்பினால் மலை. ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவு. பாரி, ஓரின்னு வள்ளல்கள் பேரும் புலவர்கள் பேரும் வெச்சிருக்காங்க. ரெண்டாவது வளைவிலேயே இன்ஜின் ஆஃப் ஆகி, வண்டி பின்னாடி உருண்டது. பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்துக் கிழிக்கிறது. எனக்கு உள்ளங்கை எல்லாம் வேர்வை. தாத்தா அசையவே இல்லை. "ஹேண்ட் பிரேக்கைப் போடு. மூச்சு விடு. பின்னாடி இருக்கிறவன் காத்துக்கினு இருப்பான், இன்னா இப்போ?" பாக்கி 12 வளைவும் அந்த ஒரு வார்த்தையில் ஏறியதுதான்.

மேலே சித்தப்பா குடும்பம் முன்னாடியே ஆஜர். காரை விட்டு இறங்கியதும் குட்டி ஓடி வந்து, "பன்னி தாத்தா! பன்னி!" என்று கத்தினாள். பாட்டிக்கு முகம் செத்துப்போச்சு. சித்தப்பா பதறிப்போய், "அம்மா, அது கன்னடம்! 'வாங்க'ன்னு அர்த்தம்!" தாத்தா விழுந்து விழுந்து சிரித்தார். ரெண்டு வருஷமா நான் பார்க்காத சிரிப்பு.

அப்புறம்தான் மேஜிக். டென்ட் அடிக்க கேம்ப் பையன் வந்தான். தாத்தா அந்த வளையற கம்பியைத் தொட்டுப் பார்த்தார். அவ்வளவுதான், வேலை கை மாறிடுச்சு. "எலும்பு முதல்ல, தோல் அப்புறம். ரயில் பெட்டிக்கும் இதேதான்" என்று பேரனுக்கு கிளாஸ் எடுக்க ஆரம்பித்தார். அபாகஸ் கிளாஸில் கொட்டாவி விடும் பையன், கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்து நின்றான். செங்கல் அடுப்பில் ரசம் வைக்கத் தெரியாமல் சித்தி முழிக்க, பாட்டி கிச்சன் சார்ஜ் எடுத்துக்கிட்டார். எந்த ஸ்விட்ச் எங்கேன்னு அங்கே யாருக்குமே தெரியாது. ஏன்னா, ஸ்விட்சே இல்லை! அது யார் வீடும் இல்லை. அதனால யாரும் விருந்தாளியும் இல்லை.

ராத்திரி நான் சயின்ஸ் பீட்டர் விட்டேன். "அதோ அந்தப் பக்கம் ஜவ்வாது மலை. அங்கே காவலூர்ல பெரிய டெலஸ்கோப் இருக்கு. 1977-ல யுரேனஸ் கிரகத்துக்கு வளையம் இருக்குன்னு கண்டுபிடிச்சதுல அந்த இடத்துக்கும் பங்கு உண்டு..." பசங்க கவனிக்கவே இல்லை. கீழே ஜோலார்பேட்டைப் பக்கத்திலிருந்து லேசா ஒரு ரயில் ஹாரன். "தாத்தா, வந்தே பாரத்தா? நீங்க செஞ்சதா?" தாத்தா பொய் சொல்லலை. "அது எங்க ஃபேக்டரியில 2018-ல செஞ்சது. நான் அதுக்கு முன்னாடியே ரிட்டயர். ஆனா, நான் வெல்டிங் சொல்லிக் கொடுத்த பசங்க கை அதுல இருக்கும்." யுரேனஸ் அவுட், நான் பல்பு!

பசங்க தூங்கினதும் சித்தப்பா மெதுவா ஆரம்பித்தார். "அப்பா... அந்த வீட்டு விஷயம்..." நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டேன். தாத்தா கொஞ்ச நேரம் நெருப்பையே பார்த்தார். "விக்கிறதைப் பத்திப் பேசாதடா. வரவே மாட்டேன்னும் நான் சொல்லலை. முட்டி முடியாமப் போற அன்னிக்குப் பார்க்கலாம். அதுவரைக்கும் நீ பாதி வா, நான் பாதி வரேன்." சித்தப்பா சரின்னும் சொல்லலை, இல்லைன்னும் சொல்லலை. இன்னொரு விறகை எடுத்து வைத்தார். மறுநாள் காலை நாலரைக்குத் தாத்தா எழுந்தபோது, கூடவே ஒரு ஏழு வயசு டார்ச் லைட்டும் எழுந்து போனது.

ஆஸ்திரேலியாவில் ரிட்டயர் ஆனவர்கள் கேரவனில் மாசக்கணக்கில் நாடு சுற்றுவார்களாம். 'க்ரே நோமேட்ஸ்' என்று அவர்களுக்குப் பேரே உண்டு. நம்ம தாத்தாக்களுக்கு அவ்வளவு வேண்டாம், ரெண்டு ராத்திரி போதும். ட்ரை பண்றவங்களுக்குச் சின்ன டிப்ஸ்: பாத்ரூம் பக்கத்துலயே டென்ட் கேளுங்க. உள்ளே கட்டில் போடச் சொல்லுங்க, தரையிலிருந்து எழுந்திருக்க முட்டி ஒத்துழைக்காது. மாத்திரை டப்பா ஹேண்ட்பேக்கில். மலை ஏறுவது வெளிச்சத்தில். போக வர 460 கிலோமீட்டர், எங்க குட்டி கார் குடித்தது 25 லிட்டர்.

திரும்பி வரும்போது, பூந்தமல்லி டிராஃபிக்கில் தாத்தா கேட்டார். "உனக்கும் அடுத்த வருஷம் அங்கதான் வேலையா, பாப்பா?" பிளேஸ்மென்ட், பேக்கேஜ்னு கிளாஸில் வாய் கிழியப் பேசுறவ நான். சிக்னல் பச்சை ஆனது. பதில் வரலை. ஃபர்ஸ்ட் கியர் மட்டும் போட்டேன்.

நேத்து வீட்டில் ஒரே சத்தம். பார்த்தால், தாத்தா பெட்டியைத் திறந்து எதையோ கிளறிக்கிட்டு இருக்கார். "என்ன தாத்தா தேடறே?"

"பாஸு எங்க போச்சுன்னு பார்க்கிறேன். ஜோலார்பேட்டை வரைக்கும் ரயில் போகுதே... எதுக்கு 25 லிட்டர் பெட்ரோலு?"

அடுத்த வாரம் பார்ப்போம் மக்களே. வர்ட்டா!