பழைய கணினியும் புதிய விசிறியும்

வீட்டுப் பொருளொன்று முதுமையடைந்து முனகத் தொடங்கியதும் அதனை ஒதுக்கிவிட்டுப் புதியது தேடுவது இந்நாளைய வழக்கமாகிவிட்டது. மேசைக் கணினிக்கும் இக்கதியே நேருகின்றது. விசிறி இரைகின்றது, வேலைக்கு நடுவே பொறி மந்தமடைகின்றது, சில வேளைகளில் தானே அணைந்தும் போகின்றது. "இதன் காலம் முடிந்தது" என்று நாம் தீர்ப்பளித்துவிடுகிறோம். பிள்ளையின் படிப்பு அப்பெட்டியை நம்பியிருக்க, புதியது வாங்கப் பொருள்வசதி அற்ற இல்லத்திலே இத்தீர்ப்பு மிகக் கொடியது. ஆதலின் முதலில் விசாரணை நடத்துவோம்.

புரொசெசர் உட்கொள்ளும் மின்வலு ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே வெளிப்படும். 2011ஆம் ஆண்டில் வெளிவந்த இன்டெல் கோர் ஐ7 2600 என்பதிலிருந்து அகற்றப்படவேண்டிய வெப்பத்தை அதனைச் செய்தோர் 95 வாற்று எனக் குறித்தனர். பழைய 100 வாற்று மின்குமிழைத் தொட்டுக் கை சுட்டவர்கள் இதன் கடுமையை உணர்வர். வெப்பம் அகலாவிடின் புரொசெசர் தன்னைக் காக்கும் பொருட்டு வேகத்தைக் குறைக்கும். எல்லை கடந்தால் கணினி அணைந்துவிடும்.

எனவே, கடும் வேலையின்போது வெப்பநிலை எவ்வளவு ஏறுகின்றது என்பதை அதற்குரிய மென்பொருளினால் அறிதல் வேண்டும். அது 90 பாகை சதமத்தை அணுகுமாயின் குறை குளிர்விப்பானிலேதான். வெப்பநிலை தணிந்திருந்தும் கணினி மந்தமாயின் குறை நினைவகத்திலோ வன்தட்டிலோ இருத்தல் கூடும். அங்கே புதிய விசிறி பயன்தராது.

குறை குளிர்விப்பானிலேயாயினும் உடனே கடைக்கு ஓடவேண்டுவதில்லை. தகடுகளுக்கிடையே அடைந்த தூசியை நீக்குங்கள். புரொசெசருக்கும் குளிர்விப்பானுக்கும் இடையேயுள்ள தெர்மல் பேஸ்ட் ஆண்டுகள் செல்ல உலர்ந்துவிடும். செம்போடு ஒப்பிடக் காற்று வெப்பத்தைக் கடத்தும் திறன் பல்லாயிரம் மடங்கு குறைந்தது. அக்காற்று நுண்ணிய இடைவெளிகளில் தங்காதிருக்கவே இப்பசை இடப்படுகின்றது. பழையதைத் துடைத்துப் பயறளவு புதியதை இடுக. சிறு செலவில் முடியும் இச்சிகிச்சையே பலமுறை போதுமானதாகும்.

போதாதாயின் கோபுர வடிவக் குளிர்விப்பானை நாடலாம். அதன் செப்புக் குழாய்களுக்குள் சிறிதளவு நீர் அடைக்கப்பட்டிருக்கும். அது சூடான முனையில் ஆவியாகி, தகடுகளை அடைந்து குளிர்ந்து, மீண்டும் நீராகித் திரும்பும். 120 மில்லிமீற்றர் விசிறி மெதுவாகச் சுழன்றே வேண்டிய காற்றை அளிப்பதால் இரைச்சலும் குறையும்.

வாங்குமுன் அளவுகளை ஆராய்தல் இன்றியமையாதது. தாய்ப்பலகையின் துளைகளுக்கிடையே எல்.ஜி.ஏ. 775 வகையில் 72 மில்லிமீற்றரும், மேற்கூறிய ஐ7 பொருந்தும் எல்.ஜி.ஏ. 1155 வகையில் 75 மில்லிமீற்றரும் உண்டு. 2021இல் வந்த எல்.ஜி.ஏ. 1700 வகையிலோ 78. கோபுரங்கள் பல ஏறத்தாழ 160 மில்லிமீற்றர் உயரமுடையவை. ஒடுங்கிய பெட்டிக்குள் அவை அடங்கா. பொருத்தும்போது மின்னிணைப்பைக் கழற்றிவிட்டு, திருகாணிகளை எதிரெதிர் மூலைகளாகச் சிறிது சிறிதாக முறுக்குக.

ஒன்றை மறவற்க. காற்றினாற் குளிரும் எப்பொறியும் அறையின் வெப்பநிலைக்குக் கீழே செல்லாது. புதிய குளிர்விப்பான் பழைய கணினிக்கு இளமையை அளிப்பதுமில்லை. அது இழந்த வேகத்தை மீட்டுத் தரும், அவ்வளவே. ஆயினும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு இன்னும் ஈராண்டு உழைக்கும் கணினி கிடைக்குமாயின், அது சிறு பேறோ?